பிறகு நினைவூட்டு

டீ நன்றாக இருக்கிறது ஐயா. டம்ளரை மட்டும் இன்னொரு முறை கழுவியிருக்கலாம். விளிம்பில் யாருடைய உதட்டுத் தடமோ இருக்கிறது. பரவாயில்லை, மறுபக்கம் திருப்பிக் குடித்துக்கொள்கிறேன்.

கேளுங்கள், சொல்கிறேன். நீங்கள் கூப்பிடாவிட்டால் நானாக வந்து சொல்லியிருக்க மாட்டேன். கேட்ட பிறகு மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. வாக்குமூலம் எழுதுகிற மாயா மேடத்துக்குச் சிரமமாக இருக்கக்கூடாது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஆன்றோ. வயது நாற்பத்தாறு. பிறந்தது நாசரேத் பக்கம், இருப்பது ராயபுரத்தில். இருபது வருடத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கத் தொடங்கினேன். அப்போதெல்லாம் ஒரு சாமான் கெட்டுப்போனால் காரணம் அதற்குள்ளேயே இருக்கும். திறந்தால் ஒயர் கருகியிருக்கும், இல்லாவிட்டால் கரப்பான் செத்துக் கிடக்கும். எடுத்துப் போட்டுவிட்டு மூடினால் ஓடும். இப்போது ஒரு கம்பெனியில் சர்வீஸ் டெக்னீஷியன். போனோடு பேசுகிற ஓவன், போனோடு பேசுகிற ஃபிரிட்ஜ். வீட்டில் இருக்கிற மனிதர்களோடு மட்டும் அவை பேசாது. கெட்டுப்போவது ஓவன் அல்ல, போனில் இருக்கிற ஆப். அதைத் திறந்து பார்க்க என் பையில் கருவி கிடையாது.

அதனால் என்ன ஆகிறது என்றால், போகிற வீட்டிலெல்லாம் போனை என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சமையலறையில் புழங்குகிற போனை நீங்கள் முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் மஞ்சள் இருக்கும், எண்ணெய் இருக்கும், மீன் கவிச்சி இருக்கும். சார்ஜர் குத்துகிற ஓட்டையில் மாவு காய்ந்து அடைத்திருக்கும். மூக்கைத் தேய்த்த கையாலேயே தேய்த்துத் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நத்தை ஊர்ந்த மாதிரி தடம் தெரியும். நான் கையுறை போட்டுப் பார்த்தேன். வாடிக்கையாளர் மனம் புண்படும், கழற்று என்றார்கள். கழற்றிவிட்டேன். அதற்குப் பதிலாக ஸ்பிரிட் பாட்டில் ஒன்று பையில் வைத்துக்கொள்கிறேன்.

ராசையா அண்ணாச்சியின் போன்தான் நான் தொட்டதிலேயே மோசமானது.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்டையார்பேட்டையில் கருப்பட்டி, வெல்லம் மொத்த வியாபாரம் செய்தவர். எழுபத்திரண்டு வயது. கடையைக் கொடுத்துவிட்டு, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இரண்டாவது மாடியில் மனைவி பூவம்மாவோடு இருந்தார். பூவம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மகள் மகிமா கனடாவில் இருக்கிறாள். போன கிறிஸ்துமசுக்கு அந்த ஓவனை அவள்தான் அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பிவைத்தாள்.

எதற்கு ஓவன் என்று கேட்டீர்களானால், கேக்குக்கு. பூவம்மா நன்றாக இருந்த காலத்தில் டிசம்பர் மாதம் முழுக்கக் கேக் சுட்டு விற்றவராம். படுத்த பிறகு கஞ்சியைத் துப்பிவிடுகிறார், இட்லியைத் துப்பிவிடுகிறார். கேக்கைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் மட்டும் விழுங்குகிறார். கடைக் கேக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறார். வீட்டில் செய்ததுதான் வேண்டும். அண்ணாச்சி எனக்கு இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒருமுறை சொன்னாலே எனக்குப் புரியும்.

அந்த ஓவனில் திருகு குமிழ் ஒன்றுகூடக் கிடையாது ஐயா. கறுப்புக் கண்ணாடி மட்டும்தான். போனில் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல் போட்டு, நீ எங்கே இருக்கிறாய் என்று அதற்குத் தெரிவித்து, வைஃபையில் இணைத்தால்தான் அது சூடாகவே ஒத்துக்கொள்ளும். முதல் நாள் நான் நிறுவப் போனபோது, இருக்கும் இடத்தை அறிய அனுமதி என்று ஆப் கேட்டது. அண்ணாச்சி திகைத்துப்போனார்.

"அது அடுப்பங்கரையில நிக்கி. நான் எங்க நிக்கேன்னு அதுக்கு எதுக்குத் தம்பி தெரியணும்?"

நியாயமான கேள்விதான். எல்லா வீட்டிலும் இதையேதான் கேட்கிறார்கள். அனுமதி என்பதை நானே அழுத்தினேன். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும். அவர் மனைவி பெயரையும் கல்யாண வருடத்தையும் சேர்த்து வைத்தார். மறுநாளே மறந்துவிட்டார். கல்யாண வருடத்தை மறக்கவில்லை, எந்த எழுத்து பெரியது என்பதை மறந்தார்.

அதன்பிறகு போன் வர ஆரம்பித்தது. ஓவன் இணைப்பில் இல்லை என்பதை அந்த ஆப் தமிழில் எப்படிச் சொல்லும் தெரியுமா? 'உங்கள் அடுப்பு காணாமல் போய்விட்டது.' காலை ஆறரை மணிக்கு அண்ணாச்சி எனக்குப் போன் செய்கிறார். "தம்பி, அடுப்பு காணாமப் போச்சுங்கு. எனக்கு முன்னாலதான் நிக்கி. நான் என்ன செய்ய?" ராயபுரத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புழுதியைத் தின்றுகொண்டு போனால், வைஃபை பெட்டியின் பிளக் கழன்றிருக்கும். இன்னொரு நாள் ஆப் புதுப்பிக்கச் சொல்லும். புதுப்பித்தால் பழைய போனில் ஓடாது என்று சொல்லும். இன்னொரு நாள், மாவைக் கலக்கி ஊற்றி உள்ளே வைத்துவிட்ட பிறகு, விதிமுறைகளை மறுபடி ஏற்றுக்கொள்ளச் சொல்லும். அவர் ஏற்றுக்கொள்கிறேன் என்பதை அழுத்துவார். ஈரக்கை என்பதால் அது பதியாது. அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். மீன் அரிந்த கை அது. அந்தப் போனைத்தான் துடைக்காமல் என்னிடம் நீட்டுவார்.

கணக்கு முதலில் மகிமாவின் எண்ணில் இருந்தது. இங்கே பகல் என்றால் அங்கே அவள் தூங்குவாள். ஒவ்வொரு முறையும் ஆப்பில் நுழையக் கேட்கிற ஓடிபி எண் அவள் போனுக்குப் போய்விடும். ஐந்தாவது தடவை போனபோது நானே என் எண்ணுக்கு மாற்றிக்கொண்டேன். ஒத்தாசைக்காகத்தான் செய்தேன். அண்ணாச்சி என் தோளில் கை வைத்து, "நம்ம ஊருப் பிள்ளைன்னா சும்மாவா" என்றார். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

அன்றிலிருந்து ஆப்பின் கணக்கில் அந்த ஓவனுக்கு முதன்மைப் பயனர் நான். நான் எங்கிருந்தாலும் அதைப் போடலாம், அணைக்கலாம், பூட்டலாம். உள்ளே கேக் எழும்புவதைப் பார்க்க ஓவனுக்குள் ஒரு சின்னக் கேமராவும் உண்டு. அதுவும் என் போனில் தெரியும்.

வைஃபை பெட்டி எங்கே இருந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். உள்ளறையில், பூவம்மாவின் கட்டிலுக்கு மேலே, அலமாரியின் உச்சியில். ஆமாம், ஒவ்வொரு முறையும் நான் அந்த அறைக்குள் போகவேண்டியிருந்தது. ஜன்னல்களை எப்போதும் அடைத்தே வைத்திருப்பார்கள். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் ஆலைகளின் நெடியும் சாம்பலும் உள்ளே வந்துவிடும், அவருக்கு இருமல் எடுக்கும் என்று இடுக்கில் எல்லாம் பழந்துணி திணித்து, மேலே டேப் ஒட்டியிருந்தார் அண்ணாச்சி. அதனால் உள்ளே இருக்கிற வாடை உள்ளேயே இருக்கும். டெட்டால், மூத்திரம், பவுடர், புளித்த பால். நான் நாற்காலியில் ஏறி நின்று மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்வேன். பூவம்மா கீழே கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் மட்டும் நன்றாக வேலை செய்தது. அண்ணாச்சி சீனி டப்பாவைக் காட்டி, இன்னொரு கரண்டியா என்று கேட்டால் கண்ணை ஒருமுறை மூடுவார். போதுமா என்றால் இருமுறை. அப்படித்தான் அவர்கள் கேக் செய்தார்கள்.

ஒரு நட்சத்திரம் கொடுத்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதுதான் காரணம் என்று நினைப்பீர்கள். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் எங்களுக்கு மதிப்பெண் போடவேண்டும். பத்தாவது தடவை அண்ணாச்சி ஐந்து நட்சத்திரம் போடப்போய், கை வழுக்கி ஒன்றைப் போட்டுவிட்டார். திருத்த முடியவில்லை. அம்பத்தூரில் இரண்டு நாள் மறுபயிற்சி என்று உட்காரவைத்தார்கள். எப்படிச் சிரிக்கவேண்டும் என்று ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். அண்ணாச்சி விஷயம் தெரிந்து மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. நான் கோபக்காரன் அல்ல.

காரணம் கேக்.

பதினான்காவது தடவை போனபோது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. நான் அங்கே இருக்கும்போதே கேக் வெந்து முடிந்தது. அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அலமாரி மேலே பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று பார்க்க நானும் போனேன். அவர் கேக்கை விரலால் பிய்த்து, பாலில் முக்கி, பூவம்மாவின் வாயில் வைத்தார். அவர் மென்றார். பாதி உள்ளே போயிற்று, பாதி எச்சிலோடு சேர்ந்து கூழாகி வாயோரம் வழிந்தது. அண்ணாச்சி அதை ஆள்காட்டி விரலால் வழித்து மறுபடி உள்ளே தள்ளினார். விரலை வேட்டியில் துடைத்தார். அதே கையால் இன்னொரு துண்டைப் பிய்த்து என் பக்கம் நீட்டினார்.

"தின்னு தம்பி. அளவு பூரா அவ சொன்னதுதான். நாலு மாசத்துல இன்னைக்குத்தான் ஒரு துண்டு முழுசாத் தின்னுருக்கா. நீ செஞ்ச புண்ணியம்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் மனைவியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். சாப்பிடு என்று அர்த்தம்.

நான் சாப்பிட்டேன். சாப்பிடாமல் வந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். ஒருவர் அன்பாகக் கொடுக்கும்போது மறுப்பது அநாகரிகம். அது ஈரமாக இருந்தது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். வீட்டுக்குப் போய் நான்கு முறை பல் தேய்த்தேன். என் மனைவி ரெஜினா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வெயில் என்று சொன்னேன். ஒரு வாரம் எதைத் தின்றாலும் நாக்கில் அந்த ஈரம் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் எனக்குள் எதையோ வைத்து அனுப்பிவிட்டார்கள் என்று தோன்றியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

அதன்பிறகு எனக்கு இருந்த எண்ணம் ஒன்றுதான். அந்த வீட்டில் கேக் செய்வது நிற்கவேண்டும். நின்றால் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

அதற்கு எளிதான வழி என் போனிலேயே இருந்தது. அவர் ஓவனைப் போட்டால் எனக்குத் தகவல் வரும். பதினைந்து நிமிடம் பொறுத்து, மாவு பாதி எழும்பியிருக்கும்போது, நான் அணைத்துவிடுவேன். கேமராவில் பார்த்தால் கேக் நடுவில் குழிந்து அமுங்கும். மறுநாள் பூட்டிவைப்பேன். அவர் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், விரல் நுனி கேமராவில் தெரியும். நான்கைந்து நாளில் வெறுத்துப்போய் ஓவனைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். என் கணிப்பு தவறிவிட்டது. அவர் பொறுமையான மனிதர். ஒவ்வொரு முறையும் என்னையே கூப்பிட்டார். நானும் போய், பூட்டை எடுத்துவிட்டு, ஆப்பில் கோளாறு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதில் பொய்யில்லை, ஆப்பில்தான் அத்தனை கோளாறும். மொத்தம் இருபத்து மூன்று தடவை போயிருக்கிறேன் என்று கம்பெனி உங்களுக்குக் கொடுத்த பட்டியலில் இருக்கும். கடைசி ஒன்பது நான் உண்டாக்கியவை.

அந்த ஆறு வாரத்தில் பூவம்மா மெலிந்துவிட்டார். நாற்காலியில் ஏறும்போது பார்த்தேன். கை வளையல் முழங்கை வரை நழுவிக் கிடந்தது. முன்னைப்போல் என்னைப் பார்ப்பதும் இல்லை. நான் போனால் கண்ணை மூடிக்கொள்வார், திறக்கமாட்டார். ஒருவேளை அவருக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம். யாரிடம் சொல்ல முடியும்?

கடைசியாகப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. ஓவனை நான் பத்து நாளாகப் பூட்டி வைத்திருந்தேன். கதவைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்கள். மைதா, சீனி, ரஸ்க். கழுவிக் காயவைத்த பால் கவர்கள் ஒரு கட்டு. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய பொட்டலம். இழுத்துப் பார்த்தேன். பூவம்மாவுக்குக் கட்டுகிற டயப்பர்கள். புதியவைதான். இருந்தாலும் ஐயா, தின்கிற பொருள் வேகிற இடம் அது.

அண்ணாச்சி வெட்கத்தோடு சிரித்தார். "எலித் தொல்லை தம்பி. எதை வச்சாலும் கடிச்சிப்போடுது. இந்தப் பெட்டி ஒண்ணுதான் எலி ஏறாத இடம். நீ சரியாக்கிக் குடுத்த அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துருதேன்."

உள்ளே பொருள் இருக்கும்போது ஓவன் சூடானால் தீப்பிடிக்கும் என்று அவரிடம் சொன்னேன். கடமையைச் செய்தேன். "அதுதான் சூடாவே மாட்டேங்குல்லா" என்றார்.

புதுப் பாகம் வரவேண்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆப்பில் தொலைவிலிருந்து இயக்கும் வசதியைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். சாதாரணமாக அது மூடியிருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எட்டரை ஆராதனைக்கு அண்ணாச்சி போய்விடுவார், திரும்பிவரப் பத்தரை ஆகும். ஆள் இருக்கும்போது செய்வது முறையல்ல. வீட்டில் ஆள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் செய்தேன்.

தெரியும் ஐயா. அந்த அம்மா இருந்தார். அதை நான் மறுக்கவில்லை. சமையலறைப் பக்கம் வரக்கூடியவர் அல்ல என்பதைத்தான் சொல்கிறேன்.

நானும் அப்போது கோயிலில்தான் இருந்தேன், ராயபுரத்தில். பிரசங்கம் தொடங்கியிருந்தது. கைக்குட்டையை விரித்து, அதற்கடியில் போனை வைத்துக்கொண்டேன். எட்டு ஐம்பத்திரண்டு. வெப்பம் இருநூற்றைம்பது. 'அடுப்பின் உள்ளே எதுவும் இல்லை என்பதை உறுதி செய்தீர்களா?' என்று ஆப் கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன். அந்த ஆப் முதல் தடவையிலேயே சொன்னதைக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

கேமராவில் கொஞ்ச நேரம் பார்த்தேன். முதலில் பால் கவர்கள் தாமாகச் சுருண்டன. பிறகு சீனி டப்பா பக்கவாட்டில் தொங்கியது. பிறகு பொட்டலத்தின் ஓரம் பழுப்பானது. பிறகு கண்ணாடி மங்கிவிட்டது. ரெஜினா குனிந்து, யார் என்று கேட்டாள். கஸ்டமர் என்றேன். கோயிலில்கூடவா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பது மணி எட்டு நிமிடத்துக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. 'இயல்பற்ற வெப்பம். அடுப்பை நிறுத்தவா?' கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'நிறுத்து' என்று இருந்தது. மற்றதில் 'பிறகு நினைவூட்டு' என்று இருந்தது.

இந்த இடத்தில் நான் யோசித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் கை தவறிவிட்டது என்று என் வக்கீல் சொல்லச் சொல்லலாம். அப்படி இல்லை. உள்ளறைக் கதவு மூடாது, வைஃபை ஒயர் குறுக்கே போகிறது. ஜன்னலில் துணி திணித்திருக்கிறது. சமையலறையிலிருந்து கட்டில் பதினோரு அடி. இதெல்லாம் எனக்குத் தெரியும், இருபத்து மூன்று முறை நடந்திருக்கிறேன். அந்த அம்மா இல்லாவிட்டால் கேக் வேண்டியதில்லை. கேக் இல்லாவிட்டால் ஓவன் வேண்டியதில்லை. ஓவன் இல்லாவிட்டால் அந்தப் போனை நான் தொடவேண்டியதில்லை. இவ்வளவுதான் யோசித்தேன். பிறகு நினைவூட்டு என்பதை அழுத்தினேன்.

ஐந்து நிமிடத்தில் நினைவூட்டியது. மறுபடியும் அதையே அழுத்தினேன். மூன்றாம் முறையும். அதற்குப் பிறகு அடுப்பு காணாமல் போய்விட்டது என்று வந்தது. எல்லோரோடும் எழுந்து நின்று பாட்டுப் பாடினேன்.

கட்டிலிலிருந்து பூவம்மாவால் இடது கையை அசைக்க முடிந்திருக்கிறது. சுவரில் தட்டியிருக்கிறார், விரல் மூட்டுகள் சிராய்ந்திருந்தன என்று சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது. அந்தக் கை வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனி என்னையே அனுப்பியது, எரிந்த ஓவனைப் பார்த்து அறிக்கை எழுத. அந்தப் பகுதி என் பொறுப்பு. கீழ்வீட்டு டில்லிபாபு வாசலில் நின்றுகொண்டிருந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

"காத்தாலயே நாத்தம் வந்துச்சு சார். தெனம் வர்ற கலீஜ் காத்துதானேன்னு ஜன்னல சாத்திக்கினு படுத்துட்டேன். டொக்கு டொக்குனு சத்தம் கூட வந்துச்சு. ஆயா மேல கீதுன்ற நெனப்பே வர்ல சார்."

அவர் அழுதார். இந்தப் பக்கத்தில் நெடி வருவது புதிதா என்ன, நீங்கள் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

அண்ணாச்சி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன தம்பி. நான்தான் கேக்கல. அந்தப் பையை உள்ள வச்சது நான்தான். நாப்பத்தெட்டு வருசம் கூட இருந்தவள, கோயிலுக்குப் போற நேரத்துல நானே பொசுக்கிட்டேன்."

"இனிமே கவனமா இருங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையாட்டினார். கையை விடவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது. அறிக்கையில், ஓவனுக்குள் எரியக்கூடிய பொருள்களை வைத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று எழுதினேன். அவரே கையெழுத்துப் போட்டார்.

தானாகவே இயங்கியிருக்கலாம், மென்பொருளில் பிழை இருக்கலாம் என்று கம்பெனி முதலில் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதம் தொட்டால்கூட இயங்காத சாமான் அது. அது தானாக எதையும் செய்யாது, யாராவது அழுத்தவேண்டும். நான்தான் அழுத்தினேன். ஆப்பில் எந்த எண்ணிலிருந்து எப்போது எதை அழுத்தினார்கள் என்கிற பட்டியலை மகிமா விடாமல் கேட்டுக் கேட்டு வாங்கியது நல்லதுதான், என் எண் அதில் சரியாகவே இருக்கிறது. ஆக, பூவம்மாவைக் கொன்றது நான். ஒருமுறை அல்ல, மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் அதையே சொன்னேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது, உங்களுடையது வேண்டாம்.

ஒரே ஒரு விண்ணப்பம். இன்று சாயங்காலம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, தீ வைத்தது அவரல்ல என்று சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். அவசியமா ஐயா? அடக்கம் முடிந்து பத்து நாளாகிறது. டில்லிபாபுவிடம் நேற்றுதான் விசாரித்தேன். பெர்சு, அதாவது அண்ணாச்சி, ராத்திரி பகல் தூங்குவதில்லையாம், சோறும் இறங்குவதில்லையாம், சோப்புத்தண்ணீர் வாளியோடு கரி பிடித்த சமையலறைச் சுவரையே தேய்த்துக்கொண்டிருக்கிறாராம், விரல் தோலெல்லாம் உரிந்துவிட்டதாம். இத்தனை வருடத்தில் இப்போதுதான் அவர் அந்தச் சமையலறையைக் கழுவுகிறார். சொல்லிவிட்டீர்களானால் நிறுத்திவிடுவார்.